நூறில் பத்து

ஏரியின் பனிக்கட்டி போன வாரம்தான் விலகியது.
நீர் எடுக்கும் கிணற்றின் வடிகட்டிச் சட்டத்தில்
பன்னிரண்டு நட்டுகள்.
ஒன்றுகூட மசியவில்லை.

பின்னே, ஆளிவிதை எண்ணெய் போட்டால் மசியுமா?
காற்றைக் குடித்துக் காய்ந்து
வார்னிஷாகிவிடும் எண்ணெய் அது.
ஜன்னலுக்கு ஆகும், மேசைக்கு ஆகும்.
அக்டோபரில் ஐவோ
டப்பா அதே மாதிரி இருக்கிறதே என்று
தூரிகை தூரிகையாகப் பூசியிருக்கிறான்.
"இதுவும் செடியிலிருந்து வந்ததுதானே" என்றான் காலையில்,
எல்லாச் செடியும் ஒரே செடி என்பதுபோல.

கிரைண்டரை எடுத்தேன்.
பொறிகள் தண்ணீரில் விழுந்து
ச் என்றன, ச் என்றன.
பன்னிரண்டையும் வெட்டி எடுக்க மதியமாயிற்று.
அதுவரை நாங்கள் பேசியது மொத்தம் நான்கு சொல்.
அதில் இரண்டு, "கையை எடு".

சொல்லிவிடுகிறேன்: பதினோரு வருடம்
ஒரே வீட்டில் இருந்தவர்கள் நாங்கள்.
பிப்ரவரியில் கையெழுத்துப் போட்டோம்.
ஷிப்டை மாற்றித் தருகிறேன் என்ற மேலாளர் ஹெல்தூர்
பனியில் துளைபோட்டு மீன் பிடிக்கப் போனார்,
மறந்துவிட்டார்.

இந்த ஏரியை ஊரில் பாதிப்பேர் குடிக்கிறார்கள்.
ஆகவே கச்சா எண்ணெயில் பிறந்த எதுவும் கூடாது.
ஒரு சொட்டு போதும்,
கரைவரை வானவில் விரியும்.
உலர்ந்தபடி முறுக்கவும் முடியாது:
எவர்சில்வர் எவர்சில்வரோடு உரசினால்
தோல் உரிந்து தோலில் ஒட்டி
நடுவழியில் நின்றுவிடும்.
முன்னும் போகாது, பின்னும் வராது.

புது டப்பாவைத் திறந்தேன்.
ரேப்சீட் பசை. கடுகின் ஒன்றுவிட்ட தங்கை,
காரம் இல்லாதவள்.
ஜூன் பிறக்கும்போது வில்யாண்டி சாலையில் போனால்
இரண்டு பக்கமும் கண்ணைக் கூசுகிற மஞ்சள்
அவள்தான்.
சுண்டுவிரலால் எடுத்து மரையில் தடவினேன்.
நட்டுக்கு அடியில், வாஷர் உட்காரும் இடத்தில்,
இன்னும் கொஞ்சம்.

கணக்கு இது:
கை தருகிற பலத்தில் நூறில் தொண்ணூறை
உராய்வு தின்றுவிடுகிறது.
மிச்சம் பத்துதான்
இரும்பை இரும்போடு சேர்த்துப் பிடிக்கிறது.
உராய்வு குறைந்தால் பத்து பதினைந்தாகும்.
ஆகவே முறுக்கையும் குறைக்க வேண்டும்.
நூற்றெழுபது இனி நூற்றுப்பத்து.
ஸ்பேனரின் கைப்பிடியில் எண்ணை மாற்றி வைத்தேன்.

ஐவோ அதைத் திரும்ப நூற்றெழுபதில் வைத்தான்.
"இருபது வருஷமாக இதுதான்."
சொல்லிப் பார்த்தேன். மசியவில்லை.
"உனக்கு மரை கழன்றுவிட்டது, ஊர்வே."

முதல் நட்டு வெண்ணெயில் கத்திபோலப் போனது.
அவன் முகத்தில் வெற்றி.
நூற்றிருபது. நூற்று நாற்பது.
பிறகு ஸ்பேனர் கனம் கூடாமலே சுற்றியது.
அதுதான் அறிகுறி.
இரும்பு இழுபடுகிறது, கழுத்து மெலிகிறது.
டக்.
பெரிய சத்தம் இல்லை.
நட்டும் அதற்குள் ஒரு துண்டும்
அவன் கையோடு வந்துவிட்டன.

எளிதாகப் போகிறதே என்று
பழைய பலத்தையே போட்டால் இப்படித்தான்.
இதை அவனிடம் சொல்லவில்லை.
எனக்கே சமீபத்தில் தெரிந்ததுதான்.
அந்தப் பக்கம் யாரும் தள்ளாத கதவை
அதே வேகத்தில் சாத்தி, சாத்தி,
சமையலறைக் கீல் பெயர்ந்து கிடக்கிறது
இரண்டு மாதமாக.

ஐவோ துண்டை நட்டிலிருந்து விரலாலேயே கழற்றினான்.
திரும்பப் போட்டான். திரும்பக் கழற்றினான்.
"நல்ல வழுக்கல்" என்றான்
யாரிடமோ சொல்வதுபோல.
பிறகு எண்ணை அவனே நூற்றுப்பத்துக்குத் திருப்பி
ஸ்பேனரை என் பக்கம் நீட்டினான்,
கைப்பிடி என்னைப் பார்க்க.

நான்கு மணிக்கு மதகைத் திறந்தோம்.
தண்ணீரின்மேல் வானவில் எதுவும் இல்லை,
ஒரு வாத்து மட்டும்.
ஹெல்தூரைக் கூப்பிட்டு
ஷிப்ட் விஷயம் கேட்கலாம் என்று போனை எடுத்தேன்.
விரலெல்லாம் பசை.
திரை என் தொடுதலை ஏற்கவில்லை,
பெயர்கள் வழுக்கி வழுக்கி ஓடின.

சரி, நாளைக்கு.